ஆறாம் குறிப்பும் முப்பத்தெட்டுப் பாடங்களும்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், இருமல் சளி என்று எழுதும்படியாக ஒன்றும் இல்லை, அங்கே நீயும் அப்படியே இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டுதான் தொடங்குகிறேன். பேசுவது நான், எழுதுவது உன் தங்கை, ஏனென்றால் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இதை எந்த மருந்துக் கடையில் கொடுப்பது என்று கேட்டவள் நீ. அவள் நான் சொல்வதை அப்படியே எழுதாமல் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி திருத்தித் திருத்தி எழுதுகிறாள், கேட்டால் எழுத்து என்றால் எழுத்து மாதிரி இருக்க வேண்டும் என்கிறாள், அதனால் எங்காவது என் பேச்சு மாதிரி இல்லாவிட்டால் அவளைக் கேட்டுக்கொள். இந்தச் சங்கதியை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் வரியைக் கேட்டதுமே நீ "ஐயோ அம்மா" என்று தலையில் கை வைத்துவிடுவாய், அப்புறம் மீதியை உன் காதில் ஏற்ற முடியாது. கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தானே ஆக வேண்டும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஏழாம் மாடியில் லிப்ட் நின்றுவிட்டால் அதைச் சரிசெய்யப் போகிற மெக்கானிக் படியேறித்தானே போக வேண்டும், அந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது. தங்கை படிப்பில் குறை இல்லை, கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறாள், சோப்பு உறையைக்கூடப் படித்து முடித்த பிறகுதான் குப்பையில் போடுகிறாள். நீ ஊருக்குப் போகும் முன் எனக்காக எழுதி வைத்த கணினிக் குறிப்புகள் பதினேழையும் அவள் எப்போதோ முழுசாகப் படித்துவிட்டாள் என்பது எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது. நான் எனக்கு வேண்டியதை மட்டும் படித்திருந்தேன். அதுதான் வினை. அந்தக் காகிதங்களை நூலகத்து ஒலிநூல் அறையில், நான் உட்கார்ந்து பதிவு செய்கிற மேசைக்குப் பக்கத்தில், கணினிக்கு எதிரே ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கையழுக்கு பட்டு ஓரமெல்லாம் மடங்கிவிட்டது, அந்த அளவுக்குப் பயன்படுத்துகிறேன் என்று நீ சந்தோஷப்படலாம். மேல் அம்பை அமுக்கினால் முன்னால் எழுதிய வரி திரும்ப வரும் என்று எழுதியிருந்தாயே, அதைக் கண்டுபிடித்தவர் யாரோ என்னைப் போல மறதிக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டு பார்க்கிற அம்மா ஒருவர் இருக்கிறார், பார்வை கிடையாது, அங்கே டாக்டரிலிருந்து காவலாளி வரை எல்லோரும் அவரைப் போர்டு மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதினாலு வருஷமாக அதே நாற்காலி. இந்த முறை துறைத் தேர்வு எழுதி அலுவலகப் பிரிவுக்குப் போகலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத முடியாதாம், அவருக்கு வருகிற மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. ஆக இது ஒன்றுதான் வாய்ப்பு. அதற்குரிய விதிப் புத்தகம் முப்பத்தெட்டுப் பாடம், அவர் தொட்டுப் படிக்கிற புள்ளி எழுத்தில் அது கிடைக்கவே இல்லை, ஆகவே நான் படித்துப் பதிவு செய்து தருவதாக ஏற்பாடு. ஐந்து வாரம் தொண்டை வறள வறளப் படித்தேன். அது எப்படிப்பட்ட புத்தகம் என்றால் ஒரு வாக்கியம் பக்கத்தின் தலையில் ஆரம்பித்தால் பாதத்தில்தான் மூச்சு விடும். வழக்கமாகப் பாடத்துக்குப் பாடம் தங்கை வந்து பதிவுக்குப் பெயர் வைத்துத் தருவாள், இந்தத் தடவை அவளுக்குப் பரீட்சை, ஆகவே எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தேன். பதிவுக் கருவி அதன் பாட்டுக்கு எண் மட்டும் போட்டுத் தரும், எது எந்தப் பாடம் என்று பார்த்தால் தெரியாது. தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது முப்பத்தெட்டும் முடிந்தது. சின்னவளை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும், நாமே செய்து பார்ப்போம் என்று உன் ஆறாம் குறிப்பைப் பிரித்தேன்.

அதில் நீ எழுதியிருப்பது இது, பார்த்தே எழுதச் சொல்கிறேன்: "கறுப்பு ஜன்னலைத் திற. பெயர்மாற்று என்று எழுது. ஒரு இடம் விடு. பாடத்தின் பெயர். எண்டர்." நானும் திரையில் கட்டளை எழுதுகிற அந்தக் கறுப்புக் கட்டத்தைத் திறந்தேன். பெயர்மாற்று என்று எழுதினேன். ஒரு இடம் விட்டேன். பிறகு, பாடத்தின் பெயர் என்று எழுதினேன். ஆமாம், அந்த இரண்டு சொல்லையேதான். எண்டர் தட்டினேன். ஜன்னல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லபடியாக நடந்தது என்று அர்த்தம், ஏதாவது சொன்னால்தான் நின்று படிக்க வேண்டும் என்று இரண்டாம் குறிப்பில் நீதான் எழுதியிருக்கிறாய். சரி, மகள் எழுதியது பிசகாது என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கோப்புறையைத் திறந்தால் முப்பத்தெட்டு இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதன் பெயர் பாடத்தின் பெயர். பெயர்மாற்று என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நீ எழுதி வைத்த கட்டளை வரிகள், அதாவது உன் ஸ்கிரிப்ட், கோப்புறையில் இருக்கிற ஒவ்வொன்றையும் எடுத்து, நான் சொன்ன அந்தப் பெயரை வைத்திருக்கிறது, ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாதாகையால் பின்னால் வந்தது முன்னால் இருந்ததை மிதித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் மிஞ்சியது முப்பத்தெட்டாம் பாடம் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு பதிவுதான் இருக்கும் என்று நினைத்து நீ எழுதியிருக்கிறாய், அது எனக்கு அப்போது தெரியாது. உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், முப்பத்தேழு பேரை மிதிக்கிறபோதுகூட அந்த ஜன்னலுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றாதா?

எனக்குக் கை கால் ஓடவில்லை. முதலில் தோன்றியது, யாருக்கும் தெரியாமல் முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்துவிடுவோம் என்பதுதான். கருவியை எடுத்துப் பொத்தானை அமுக்கப் போனேன். அந்த நேரம் பள்ளிக்கூடம் விட்டுப் பையோடு உள்ளே வந்த உன் தங்கை, என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், "அம்மா, கையை எடு, எதையும் தொடாதே, பதினாலாம் குறிப்பு" என்று ஒரே கத்தாகக் கத்தினாள். பக்கத்து அறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவர்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் பார்த்தே இராத அந்தக் குறிப்பில் நீ எழுதியிருக்கிறாய், எதையாவது தொலைத்துவிட்டால் அந்த இடத்தில் புதிதாக ஒன்றும் எழுதாதே, பதியாதே, தெரிந்த ஆளைக் கூப்பிடு என்று. (நான் கத்தவில்லை அக்கா, சற்று உரக்கச் சொன்னேன். எழுதுகிறவள்.)

தெரிந்த ஆள் என்றால் நூலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற ரீஸ்டார்ட்தான். எதற்குக் கூப்பிட்டாலும் முதலில் அணைச்சுட்டுப் போடுங்க என்பார், அதனால் வந்த பெயர். அன்றைக்கு மட்டும் அவர் அணைக்கச் சொல்லவில்லை, அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எல்லாம் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர் மேல தப்பே இல்லைம்மா, நீங்க சொன்னதை ஒரு எழுத்து பிசகாம செஞ்சிருக்கு, எங்க வீட்லகூட இப்படி யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை" என்றார். வெள்ளிக்கிழமை நகல் எடுப்பீர்களே, பென் டிரைவ் எங்கே என்றார். கொடுத்தேன். அதில் ஒரு பாடமும் இல்லை. பழைய கதைப் புத்தகங்களாலேயே அது நிரம்பிக் கிடந்தது. "நகல் எடுக்கும்போது ஜன்னல் ஒண்ணுமே சொல்லலையா" என்று கேட்டார். சொன்னது, ஐந்து வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இடம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு இடம் விடு என்று நீ எழுதியிருக்கிறாய் அல்லவா, அந்த இடத்தை நான் சரியாக விடவில்லை போலிருக்கிறது, அதைத்தான் சொல்கிறது என்று நினைத்தேன். ஆகவே இரண்டு இடம் விட்டேன். அப்புறம் மூன்று. போன வெள்ளிக்கிழமை தாராளமாக எட்டு இடம் விட்டுப் பார்த்தேன். அப்போதும் இடம் இல்லை என்றது, சரியான பேராசை பிடித்த ஜன்னல் என்று திட்டிவிட்டு வந்துவிட்டேன். இதைக் கேட்டு ரீஸ்டார்ட் சிரித்தார் பார், நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டது. நானும் சிரித்தேன், ஆனால் தங்கை சிரிக்கவில்லை, அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் பதிவுக் கருவிக்குள் குரலைச் சேமிக்கிற சின்ன மெமரி அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அதிலிருந்ததைத்தான் உன் எட்டாம் குறிப்பின்படி வாராவாரம் அழித்துவிடுவேனே என்றேன். அங்கேதான் எனக்கு ஒரு புதுப் பாடம் கிடைத்தது. அழித்தால் பெயரை மட்டும்தான் அழிக்குமாம், குரல் அங்கேயே கிடக்குமாம், வேறு குரல் வந்து அந்த இடத்தில் உட்காரும் வரைக்கும். கணினிக்கு உள்ளே இருக்கிற வட்டு வேறு ரகம், அது விட்டதை உடனே துடைத்து வைத்துவிடும், அங்கே தேடிப் பிரயோசனமில்லை, இந்தச் சின்ன அட்டைதான் சோம்பேறி என்றார். நான் அன்றைக்குக் கருவியில் மறுபடி படிக்க ஆரம்பித்திருந்தால் என் குரலே என் குரலின் மேல் உட்கார்ந்திருக்கும். இதைப் பற்றி நான் இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ எப்போதாவது பொழுதோடு இருக்கும்போது எனக்கு விளக்கி எழுது, பெயர் போன பிறகும் அது அங்கே இருக்கிறது என்றால் அந்த அட்டைக்கு அது தெரியுமா தெரியாதா?

மறுநாள் மத்தியானம் முப்பது பதிவு மீண்டது. ஏழு போனது போனதுதான். மீண்ட முப்பதுக்கும் பெயரும் இல்லை வரிசையும் இல்லை. பாடத்தின் தலைப்பைத் தனியாகப் பதிந்து கடைசியில் சேர்ப்பதுதான் எங்கள் அறையின் வழக்கம், ஆகவே எதைத் திறந்தாலும் நடுக்காட்டில் இறக்கிவிட்ட மாதிரி, "மேற்படி ஊழியர்" என்று ஆரம்பிக்கிறது. இனி மறைத்துப் பயனில்லை என்று போர்டு மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. பிறகு அவர், "அக்கா, பெயரில்லாத குரலை அடையாளம் கண்டுபிடிக்கிறதுதானே பதினாலு வருஷமா என் வேலை, நாளைக்கு எனக்கு லீவு, வரேன்" என்றார். வந்தார். விதிப் புத்தகத்தின் பொருளடக்கத்தை யாரையோ படிக்கச் சொல்லி, புள்ளி எழுத்தில் குத்திக் கையோடு கொண்டுவந்திருந்தார். காதில் மாட்டிக்கொண்டு வேகத்தைக் கூட்டச் சொன்னார், இன்னும் என்றார், இன்னும் என்றார், கடைசியில் எனக்குக் குருவிக் கூட்டம் கத்துவது போலத்தான் கேட்டது. அவர் விரல் பொருளடக்கத்தின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்று, "பதினேழு, ஒழுங்கு நடவடிக்கை" என்பார். தங்கை பெயரை எழுதுவாள். மூன்று மணி நேரத்தில் முப்பதும் வரிசைக்கு வந்துவிட்டது. எனக்கு மானம் போன இடம் ஒன்று சொல்ல வேண்டும். இவையெல்லாம் நான் வெட்டித் திருத்துவதற்கு முன்னால் இருந்த பதிவுகள். தும்மினது, தண்ணீர் குடித்தது, "இந்த வாக்கியத்தை எழுதினவன் வீட்டில் மூச்சு விடுவானா மாட்டானா" என்று முணுமுணுத்தது எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. வெட்டித் தருகிறேன், இரண்டு நாள் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "வெட்டினீங்கன்னா நான் பேசவே மாட்டேன், எனக்கு அந்த விதியே நீங்க திட்டினதாலதான் ஞாபகம் நிக்குது" என்று சொல்லி அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்னும் ஏழு பாடம் இருந்தது. பகலெல்லாம் ஆஸ்பத்திரி வேலை, வீட்டுக்குப் போனால் மூட்டுவலிக்கார மாமியார், அவருக்கு மிஞ்சுவது மத்தியானம் சாப்பாட்டு நேரம் முக்கால் மணி. அந்த நேரம் போர்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளும் கிடையாது. ஆகவே நான் நூலகத்திலிருந்து போனில் படிக்க, அவர் ஒரு காதில் என்னையும் இன்னொரு காதில் ஆஸ்பத்திரியையும் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். ஒன்பது நாள் படித்தோம். பொறுப்பை ஒப்படைக்கும் ஊழியர் எழுத்து மூலமாக என்று நான் இழுத்துக்கொண்டிருப்பேன், நடுவே "ஒரு நிமிஷம்க்கா, சொல்லுங்க சார், குழந்தைகள் வார்டா, போடறேன்" என்பார், திரும்பி வந்து "எழுத்து மூலமா, அப்புறம்" என்று நான் விட்ட சொல்லிலேயே ஏறிக்கொள்வார். எனக்குத்தான் எங்கே விட்டேன் என்று தேட வேண்டியிருக்கும். ஒருநாள் யாரோ ஒருவர் தப்பான இணைப்பில் எங்கள் நடுவே வந்து, நான் படித்த விடுப்பு விதி முழுவதையும் பேசாமல் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு லீவு உண்டா இல்லையா" என்று கேட்டார். போர்டு மேடம் சற்றும் யோசிக்காமல், "நிரந்தர ஊழியரா இருந்தா உண்டு, எந்தப் பிரிவு வேணும் உங்களுக்கு" என்றார்.

இதற்கிடையில் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா எல்லாம் கேட்டுவிட்டு, "நாங்க ஒரு லிப்டை ஆள் ஏத்தாம சும்மா ஒரு தடவை ஓட்டிப் பாக்காம திறந்து விடவே மாட்டோம், உங்க ஜன்னல்ல அப்படி ஒண்ணு இல்லையா" என்று கேட்டார். தங்கை அதைப் பிடித்துக்கொண்டாள். நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்து, நான்கு நாள் முட்டி மோதி, உன் ஆறாம் ஸ்கிரிப்டின் தலையில் சில வரி சேர்த்திருக்கிறாள். இப்போது அது எதையும் தொடுவதற்கு முன்னால், இந்தக் கோப்புறையில் இத்தனை பதிவு இருக்கிறது, இன்னின்ன பெயர் வைக்கப் போகிறேன், சம்மதமா என்று கேட்கிறது. ஆம் என்று முழுசாக எழுதினால்தான் நகரும். சரி என்று எழுதினேன், நகரவில்லை. ஏன்டி சரி என்றால் என்ன குறை என்றால், சரி என்பது யோசிக்காமல் சொல்கிற சொல்லாம், ஆம் என்பது யோசித்துச் சொல்வதாம். (அப்பாவும் அதை ஒப்புக்கொண்டார். எழுதுகிறவள்.) வெற்றுப் பதிவுகள் பத்தை வைத்து நானே ஓட்டிப் பார்த்தேன். ஜன்னல் கேள்வி கேட்டபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது, இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாத ஒரு ஆள் வாய் திறந்த மாதிரி. அவள் எழுதிய வரிகளை இத்துடன் தனித் தாளில் வைத்திருக்கிறோம், பிழை இருந்தால் அவளிடம் சொல், ஆனால் நீயே திருத்தி அனுப்பாதே, எங்கே பிழை என்று மட்டும் சொல்.

தேர்வு நேற்று முன்தினம் நடந்தது. சொல்வதை எழுத ஒரு கல்லூரிப் பெண்ணைக் கூட அமர்த்தியிருந்தார்கள். எனக்கு அன்று காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை, பதிவறைக்குள் போய் ஒரு பக்கத்தை ஆறு தடவை தப்பாகப் படித்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த ஏழு பாடத்தில் ஒன்றிலிருந்து கேள்வி வந்து அவருக்குத் தெரியாமல் போனால் அது அவர் தவறு அல்ல, என் தவறு, அதுவும் இனி எழுத முடியாத தேர்வில். ஒரு மணிக்கு மேல் போன் வந்தது. அவர்தான், வாசலில் நின்று பேசுகிறார், பின்னால் பஸ் சத்தம். மூன்றாவது கேள்வியே தற்காலிகப் பொறுப்பு பற்றியதாம், முப்பத்தோராம் பாடம், போனில் படித்தது. "கேள்வியை அந்தப் பொண்ணு படிச்சதும் எனக்கு உங்க குரலும் நடுவுல குழந்தைகள் வார்டு கேட்ட மனுஷன் குரலும் சேர்ந்து வந்திடுச்சு அக்கா, அந்த ஆள் எந்த இடத்தில் குறுக்கே வந்தாரோ அதுவரைக்கும் அஞ்சு உட்பிரிவு, அதுக்கப்புறம் மூணு, எட்டும் சொல்லிட்டேன், எழுதின பொண்ணுக்குத்தான் கை வலிச்சுது" என்றார். மற்ற கேள்விகளில் ஒன்று மட்டும் அரைகுறையாம். முடிவு வர இரண்டு மாதம் ஆகும்.

நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து நேராக நூலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பெரிய பை. அதிலிருந்து செங்கல் கனத்தில் இரண்டு புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். அலுவலகப் பிரிவுக்குப் போன பிறகு எழுத வேண்டிய அடுத்த தேர்வுக்கு உரியதாம், மொத்தம் தொண்ணூற்றொரு பாடம். முதலில் முடிவு வரட்டுமே என்றேன். "வரட்டும், அதுக்குள்ள முதல் பாகம் முடிச்சிட மாட்டீங்களா" என்றார். இத்தனைக்கும் பிறகு என்னிடமே கொடுக்கிறீர்களே, வேறு நூலகத்தில் பெரிய பதிவறை இருக்கிறது, அங்கே இயந்திரமே படிக்குமாம் என்றேன். "இயந்திரம் உங்களை மாதிரி நடுவுல திட்டாதே அக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் கோலை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசல் வரை போனவர் நின்று, எச்சில் முழுங்காமல் படிங்க, அந்தச் சத்தம்தான் காதில் பெரிசா கேக்குது என்றார். இன்று காலை முதல் பாடம் படித்து முடித்தேன், பதினொரு பக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள், திரையையே பார்த்துக்கொண்டிராமல் மணிக்கு ஒரு தடவை எழுந்து நட. உன்னுடைய முக்கியமான கோப்புகளுக்கெல்லாம் இன்னொரு இடத்தில் நகல் இருக்கிறதா என்று இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் பார், இருக்கும் என்று நினைக்காதே, திறந்து பார். எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருந்து, நீ நூறு வயது நிறைவாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். தங்கை தன் ஸ்கிரிப்டுக்குப் பதிலை எதிர்பார்த்துத் தபால் பெட்டியைத் தினம் இரண்டு தடவை பார்ப்பேன் என்று எழுதச் சொல்கிறாள், எழுதுவதும் அவளேதான்.

என்றும் உன் நலம் விரும்பும்
அம்மா
(கையொப்பம் மட்டும் என்னுடையது, மருந்துக் கடைக்குக் கொண்டுபோய்விடாதே)